வாசகர் கேள்வி – பதில்: வாசலில் தேங்கும் பொட்டலங்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஏழு, பல கோப்புகளைச் சுருக்கி ஒரே பொட்டலமாகக் கட்டும் ஸிப் கோப்புகளையும் பதிவிறக்கக் கோப்புறையையும் பற்றியே அமைந்திருந்தன. மற்றவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அந்த ஏழை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வட்டில் இடமில்லை என்று கணினி ஓயாமல் எச்சரிக்கிறது. ஆராய்ந்து பார்த்ததில் டவுன்லோட்ஸ் கோப்புறை மட்டுமே 70 ஜிபிக்கு மேல் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஸிப் கோப்புகள். எதை அழிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறேன். வழி சொல்லுங்கள், ஐயா.

பதில்: பதிவிறக்கக் கோப்புறை என்பது வந்த பொருளை இறக்கி வைக்கும் வாசற்படி. நம்மில் பலர் அந்த வாசற்படியிலேயே குடித்தனம் நடத்துகிறோம். உங்கள் 70 ஜிபி அப்படிச் சேர்ந்ததுதான்.

முதலில் அந்தக் கோப்புறையைத் திறந்து, 'டீடெய்ல்ஸ்' தோற்றத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸ் இந்த ஒரு கோப்புறையை மட்டும் இன்று, நேற்று, சென்ற வாரம் என்று தேதிவாரியாகக் குழுப்படுத்திக் காட்டும். 'குரூப் பை' என்பதில் 'நன்' (எதுவுமில்லை) என்று மாற்றினாலொழிய உங்கள் வரிசைப்படுத்தல் முழுமையாக இருக்காது. அதன்பின் 'டைப்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் ஒரே இனத்துக் கோப்புகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். இதைச் செய்த மாத்திரத்திலேயே குவியலின் பாதிப் பயம் போய்விடும், ஏனென்றால் அதில் இருப்பவை நான்கைந்து இனங்களே என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மென்பொருள்களை நிறுவும் கோப்புகளில் பெரும்பாலானவற்றைத் தயங்காமல் நீக்கலாம். நிறுவிய பிறகு அவற்றுக்கு வேலை இல்லை. மீண்டும் தேவைப்பட்டால் புதிய பதிப்பையே இறக்கிக்கொள்வது நல்லது. விலை கொடுத்து வாங்கிய, இப்போது தளத்தில் கிடைக்காத பழைய பதிப்புகள் மட்டும் விதிவிலக்கு. பெயரின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் 1, 2 என்று எண் தாங்கி நிற்பவை, ஒரே கோப்பை நீங்கள் மறந்துபோய் மீண்டும் மீண்டும் இறக்கியதற்குச் சாட்சி. ஆனால் அளவை ஒப்பிடாமல் அவற்றை அழிக்க வேண்டாம். அனுப்பியவர் திருத்திய பதிப்பை அதே பெயரில் மறுபடி அனுப்பியிருந்தால், உண்மையில் உங்களுக்கு வேண்டியது அந்த எண்ணிட்ட கோப்பாகவே இருக்கக்கூடும்.

இனி ஸிப் கோப்புகளுக்கு வருவோம். 'நூலகம்' என்ற பெயரில் ஒரு ஸிப் கோப்பும், அதன் பக்கத்திலேயே அதே பெயரில் விரித்தெடுத்த கோப்புறையும் இருந்தால், ஒரே பொருளை இரண்டு முறை சேமித்து வைத்திருக்கிறீர்கள். கோப்புறையின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' பாருங்கள். உள்ளே எத்தனை கோப்புகள் என்று காட்டும். அந்த எண்ணிக்கை ஸிப்புக்குள் இருப்பதோடு ஒத்துப்போனால் ஸிப்பை நீக்கிவிடலாம். இந்தச் சரிபார்ப்பைத் தாண்டிச் செல்ல வேண்டாம்: விரித்தெடுக்கும்போது இடையில் வட்டு நிறைந்து பாதியிலேயே நின்றுபோன கோப்புறைகள், வெளிப்பார்வைக்கு முழுமையானவை போலவே தோன்றும். விரித்த கோப்புறை ஏதும் இல்லாமல் தனியே கிடக்கும் ஸிப் கோப்புகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது மறுபடி கிடைக்குமா? பொதுத் தளம் ஒன்றிலிருந்து வந்ததென்றால் கிடைக்கும். ஒருவர் உங்களுக்கென்று தொகுத்து அனுப்பிய படங்களோ ஆவணங்களோ என்றால், அனுப்பிய இணைப்பு காலாவதியாகியிருக்கலாம். உங்களிடம் இருப்பதே ஒரே படியாகவும் இருக்கலாம். அத்தகையதை அழிக்காமல், உரிய கோப்புறைக்கு நகர்த்துங்கள்.

விண்டோஸின் 'ஸ்டோரேஜ் சென்ஸ்' என்னும் வசதியில், 1, 14, 30 அல்லது 60 நாள் திறக்கப்படாத பதிவிறக்கங்களைத் தானே நீக்கும்படி அமைக்க முடியும். வேலையை இயந்திரத்திடம் விட்டுவிட ஆசையாகத்தான் இருக்கும். வாசற்படியைப் பெட்டகமாகப் பயன்படுத்தும் பழக்கம் உங்களை விட்டுப் போகும்வரை அதைத் தொடாதீர்கள் என்பதே என் கருத்து. இன்னொன்று: நீக்கியவை குப்பைத் தொட்டியில் இருக்கும்வரை வட்டில் இடம் விடுபடாது. ஒரு வாரம் பொறுத்து, எதுவும் தேடப்படவில்லை என்று உறுதியான பின் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

கேள்வி: மின்னஞ்சலில் வந்த ஸிப் கோப்பைத் திறந்து, அதிலிருந்த வேர்டு ஆவணத்தில் இரண்டு மணி நேரம் திருத்தங்கள் செய்து சேமித்தேன். மறுநாள் திறந்தால் பழைய ஆவணமே இருக்கிறது. என் திருத்தங்கள் எங்கே போயின?

பதில்: உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன், நீண்ட கட்டுரை ஒன்றின் இறுதிப் படியை இதே முறையில் திருத்தி, இதே முறையில் இழந்தவன் நான்.

ஸிப் கோப்பை இருமுறை சொடுக்கினால், விண்டோஸ் அதை ஒரு சாதாரணக் கோப்புறை போலவே காட்டுகிறது. எல்லாக் குழப்பத்துக்கும் இந்தத் தோற்றம்தான் காரணம். அந்தச் சாளரத்திலிருந்து ஓர் ஆவணத்தைத் திறக்கும்போது, விண்டோஸ் அதன் நகல் ஒன்றைத் தற்காலிகக் கோப்புறையில் விரித்து, அந்த நகலையே வேர்டிடம் கொடுக்கிறது. நீங்கள் திருத்தியதும் சேமித்ததும் அந்த நகலில். ஸிப்புக்குள் இருக்கும் மூலத்துக்கு அது திரும்பி வருவதில்லை. மேல்பட்டையில் 'ரீட் ஒன்லி' என்ற சொல் தெரிந்திருக்கும். அவசரத்தில் யார்தான் அதைப் படிக்கிறார்கள்!

உடனே செய்ய வேண்டியது இது. வேர்டைத் திறந்து, அண்மையில் திறந்த ஆவணங்களின் பட்டியலைப் பாருங்கள். ஆவணத்தின் பெயருக்குக் கீழே அது இருந்த இடமும் காட்டப்படும். அதில் 'டெம்ப்' என்ற சொல் வந்தால் அதுவே நாம் தேடும் நகல். அங்கே கிடைக்காவிட்டால், விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி வரும் பெட்டியில், இரண்டு விழுக்காட்டுக் குறிகளுக்கு நடுவே டெம்ப் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் தற்காலிகக் கோப்புறை திறக்கும். அதற்குள் ஆவணத்தின் பெயரைத் தேடுங்கள். துப்புரவு நடக்கவில்லையென்றால் கிடைக்க வாய்ப்புண்டு. எனக்குக் கிடைக்கவில்லை.

இனிமேல் ஸிப் கோப்பின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' என்பதைத் தேர்ந்து, முழுவதையும் விரித்த பிறகே உள்ளே உள்ளதைத் தொடுங்கள். 7-ஸிப், வின்ரார் போன்ற மென்பொருள்கள், உள்ளிருந்த கோப்பு மாறியிருந்தால் அதைத் தொகுப்பில் புதுப்பிக்கலாமா என்று கேட்கும். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லும் நிதானத்தை நம்பிப் பிழைப்பதைவிட, விரித்துவிடுவது மேல்.

கேள்வி: 2 ஜிபி அளவுள்ள ஒளிப்படங்களை ஸிப் செய்தால் ஏறக்குறைய 2 ஜிபியாகவே இருக்கிறது. ஆனால் உரைக் கோப்புகள் பாதிக்கும் கீழே சுருங்குகின்றன. என் கணினியில் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. சுருக்குவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஸிப் வடிவத்தை 1989இல் ஃபில் காட்ஸ் என்பவர் வெளிக்கொணர்ந்தார். அதில் இன்றும் பெரும்பாலும் பயன்படும் 'டிஃப்ளேட்' முறை இரண்டு பழைய எண்ணங்களின் சேர்க்கை. ஒன்று, ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் ஆகிய இருவரும் 1977இல் வெளியிட்டது: ஏற்கெனவே வந்த ஒரு தொடர் மீண்டும் வந்தால், அதைத் திரும்ப எழுதாமல், 'இத்தனை இடம் பின்னால் போய், இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்ற குறிப்பை மட்டும் எழுதி வைப்பது. டிஃப்ளேட் இப்படி 32 கிலோபைட் தூரம் வரை பின்னோக்கிப் பார்க்கும். மற்றொன்று, டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்டது: அடிக்கடி வருவதற்குச் சிறிய குறியீடும், அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடும் கொடுப்பது.

தமிழ் உரை இந்த முறைக்கு வாகாக அமைந்திருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் எடுக்கும். 'கணினி' என்ற சொல்லில் மூன்று மெய்வரிசைக் குறிகளும் இரண்டு இகரக் குறிகளும் ஆக ஐந்து குறிகள் இருப்பதால், அது 15 பைட். ஆனால் அந்த 3 பைட்டுகளில் முதலாவது எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவதற்கோ இரண்டே மதிப்புகள்தான் உண்டு. மூன்றாவது மட்டும்தான் குறிக்குக் குறி உண்மையில் மாறுகிறது. இவ்வளவு திரும்பத் திரும்ப வருவது ஹஃப்மன் முறைக்குப் பெருவிருந்து. அதற்கு மேல் 'கிறது', 'வேண்டும்', 'என்று' போன்றவை வரிக்கு வரி மீண்டும் வருவதால் பின்னோக்கிய குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை.

ஒளிப்படத்தின் கதை வேறு. ஜேபெக் படம், எம்பி3 ஒலி, எம்பி4 காணொளி ஆகியவை உருவாகும்போதே பிழிந்தெடுக்கப்பட்டவை; சக்கையை மீண்டும் ஆலையில் இட்டால் சாறு வராது. பல படங்களை ஒரே பொட்டலமாக அனுப்புவதற்காக ஸிப் செய்வது பயனுள்ளதே, ஆனால் அதனால் இடம் மிச்சமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் ஆகியவற்றின் இன்றைய ஆவணங்களும், இபப் மின்னூல்களும், ஆண்ட்ராய்டு செயலிக் கோப்புகளும் உள்ளுக்குள் ஸிப் கோப்புகளே. வேர்டு ஆவணம் ஒன்றை நகலெடுத்து, அந்த நகலின் பின்னொட்டை (பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வருவதை) ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். 'வேர்டு' என்ற கோப்புறைக்குள் 'மீடியா' என்ற கோப்புறையில், ஆவணத்தில் ஒட்டிய படங்களெல்லாம் தனித்தனியே கிடக்கும். ஆவணத்திலிருந்து படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துச் சலித்தவர்களுக்கு இது பெரிய உதவி.

கேள்வி: ஸிப், ரார், 7இசட், டார்-ஜிஸிப் என்று பலவகை வருகின்றன. நான் எதைப் பயன்படுத்த வேண்டும்?

பதில்: பிறருக்கு அனுப்புவது என்றால் ஸிப், பெறுபவர் எந்தக் கணினி வைத்திருந்தாலும் வேறு மென்பொருள் இல்லாமலே திறந்துவிடும். உங்கள் சொந்தச் சேமிப்புக்கு, இடமே முதன்மை என்றால் 7இசட். அந்த வடிவத்தை உருவாக்கும், ஈகோர் பாவ்லோவ் 1999இல் தொடங்கிய 7-ஸிப் மென்பொருள் இன்றும் இலவசம். ரார் கோப்பை யாரும் திறக்கலாம், ஆனால் புதிதாக உருவாக்க வின்ரார் போன்ற அதன் உரிமையாளரின் மென்பொருள் வேண்டும் என்பதால், அதைத் தேடிப் போக வேண்டிய தேவை இல்லை. விண்டோஸ் 11 தன் 2023ஆம் ஆண்டுப் புதுப்பிப்பிலிருந்து ரார், 7இசட் இரண்டையும் தானே திறக்கிறது. டார்-ஜிஸிப், விண்டோஸ் போன்ற இன்னோர் இயங்குதளமான லினக்ஸ் உலகத்து வழக்கம்: டார் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும், ஜிஸிப் அந்தக் கட்டைச் சுருக்கும்.

கேள்வி: தமிழில் பெயரிட்ட கோப்புகளை ஸிப் செய்து நண்பருக்கு அனுப்பினேன். அவர் கணினியில் பெயர்கள் எல்லாம் கோடுகளும் கட்டங்களுமாகத் தெரிகின்றனவாம். சில கோப்புகள் விரிக்கவே மறுக்கின்றன. தமிழில் பெயர் வைப்பதையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: விட வேண்டியதில்லை. ஸிப் பிறந்த 1989இல் கோப்புப் பெயர்களுக்கு ஐபிஎம் கணினிகளின் 437 என்ற எண்ணுள்ள குறியீட்டு அட்டவணையே கணக்கு. அதில் மொத்தம் 256 இடங்கள், தமிழுக்கு ஓரிடமும் இல்லை. பெயர் யுடிஎஃப்-8இல் இருக்கிறது என்று அறிவிக்கும் ஒரு சிறு கொடி 2006இல்தான் ஸிப் விதிமுறையில் சேர்ந்தது. தொகுத்த மென்பொருள் அந்தக் கொடியை ஏற்றாமல் விட்டாலும், விரிக்கும் மென்பொருள் அதைக் கவனிக்காமல் போனாலும், தமிழ் எழுத்தின் பைட்டுகள் பழைய அட்டவணையின்படி வாசிக்கப்பட்டு, நீங்கள் சொல்லும் கோடுகளும் கட்டங்களும் தோன்றும். உள்ளடக்கத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. பெயர் மட்டுமே சிதைகிறது. நீங்களும் நண்பரும் 7-ஸிப்பின் இன்றைய பதிப்பைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விரிக்க மறுப்பதற்குக் காரணம் அநேகமாகப் பெயரின் நீளம். விண்டோஸில் பல மென்பொருள்கள், இயக்ககத்தின் (சி, டி போன்ற) எழுத்திலிருந்து தொடங்கி எல்லாக் கோப்புறைப் பெயர்களையும் சேர்த்து 260 குறிகளுக்குமேல் ஏற்பதில்லை. ஸிப்பை விரிக்கும்போது அதன் பெயரிலேயே ஒரு கோப்புறை உருவாகி, அதற்குள் அதே பெயரில் இன்னொன்று இருப்பது வழக்கமாதலால், இந்த வரம்பு நாம் நினைப்பதைவிட விரைவில் வந்துவிடுகிறது. இயக்ககத்தின் மேல்மட்டத்தில் ஓரெழுத்துப் பெயரில் ஒரு கோப்புறை அமைத்து, அங்கே விரிக்கச் சொல்லுங்கள். லினக்ஸில் கணக்கு வேறு: ஒரு பெயருக்கு 255 பைட் என்பதே எல்லை, ஆகவே தமிழில் 85 குறிகளோடு நின்றுவிடும்.

கேள்வி: பெரிய ஸிப் கோப்பு ஒன்று மணிக்கணக்கில் இறங்கியது. திறந்தால், கோப்பு சிதைந்திருக்கிறது என்கிறது. ஓரளவாவது மீட்க முடியுமா?

பதில்: ஸிப் தன் உள்ளடக்கப் பட்டியலைக் கோப்பின் கடைசியில் வைத்திருக்கிறது, புத்தகத்தின் பொருளடக்கம் பின்னட்டையில் இருப்பது போல. ஆகவே பதிவிறக்கம் 99 விழுக்காட்டில் நின்றாலும் பட்டியல் கைக்கு வராமல், முழுக் கோப்பும் சிதைந்ததாகவே கருதப்படும். முதலில் தளத்தில் சொல்லியிருக்கும் அளவையும் உங்கள் கோப்பின் அளவையும் ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் மறுபடி இறக்குவதே சிறந்த வழி. மறுபடி கிடைக்காத கோப்பென்றால் வின்ராரில் 'ரிப்பேர்' என்ற கட்டளை உண்டு. முழுமையாக வந்து சேர்ந்த உட்கோப்புகளை அது பெரும்பாலும் மீட்டுத் தரும். குரோமில் பாதியில் நிற்பவை 'சிஆர்டவுன்லோடு' என்றும், ஃபயர்ஃபாக்ஸில் 'பார்ட்' என்றும் பின்னொட்டுத் தாங்கி நிற்கும். அந்தப் பின்னொட்டை ஸிப் என்று மாற்றிவிட்டால் கோப்பு முழுமையாகிவிடும் என்று நம்புவோரை நான் பார்த்திருக்கிறேன். பெயர்தான் மாறும்.

கோப்பு 001, 002 என்று துண்டு துண்டாக வந்திருந்தால், எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறையில் வைத்து, முதல் துண்டை மட்டும் திறந்தால் போதும். மற்றவை தாமே சேர்ந்துகொள்ளும். துண்டுகளின் பெயரை அழகுபடுத்த வேண்டாம்.

கேள்வி: அறிமுகம் இல்லாத முகவரியிலிருந்து கடவுச்சொல் பூட்டிய ஸிப் கோப்பு வந்திருக்கிறது, கடவுச்சொல்லும் அதே மின்னஞ்சலில் இருக்கிறது. திறக்கலாமா? நான் அனுப்பும் கோப்புகளுக்கும் அதே போலப் பூட்டுப் போட்டால் பாதுகாப்புதானே?

பதில்: திறக்க வேண்டாம். பூட்டையும் சாவியையும் சேர்த்து அனுப்புபவர் எதை யாரிடமிருந்து மறைக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கடவுச்சொல் பூட்டிய பொட்டலத்துக்குள் வைரஸ் தடுப்பு மென்பொருளால் பார்க்க முடியாது. அந்தப் பூட்டு அதற்காகவே போடப்பட்டிருக்கக்கூடும். விண்டோஸ், அறிந்த பின்னொட்டுகளை இயல்பாகவே மறைத்துவிடுவதால், ரசீது என்ற பெயரில் பிடிஎஃப் போலத் தோன்றுவது உண்மையில் இயங்கு கோப்பாக இருக்கலாம். கோப்புறைச் சாளரத்தின் 'வியூ' பட்டியலில், பின்னொட்டுகளைக் காட்டும்படி இன்றே மாற்றி வையுங்கள். விரிக்கும் மென்பொருளையும் புதுப்பித்து வையுங்கள். 2023இல் வின்ராரில் கண்டறியப்பட்ட ஒரு குறையில், தொகுப்புக்குள் இருந்த படத்தைச் சொடுக்கினால், அதே பெயரில் ஒளிந்திருந்த கோப்புறையிலிருந்து தீங்குநிரல் ஓடியது. 6.23ஆம் பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது; ஆனால் வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பதால் பழைய பதிப்போடு இருப்பவர்கள் இன்னும் இருக்கக்கூடும்.

உங்கள் பூட்டைப் பற்றி: கடவுச்சொல்லால் பூட்டும் ஸிப்பின் பழைய குறியாக்க முறை வலுவற்றது, எளிதில் உடைபடும். 7-ஸிப்பில் தொகுக்கும்போது குறியாக்க முறையாக ஏஇஎஸ்-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் ஸிப்பைத் திறப்பவர் எவருக்கும் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் தெரியும். 'ராஜினாமாக் கடிதம்' என்று பெயரிட்டுப் பூட்டினால் இரகசியம் பாதி வெளியே வந்தாயிற்று. பெயர்களும் மறைய வேண்டுமென்றால் 7இசட் வடிவத்தைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் குறியாக்கும் பெட்டியில் குறியிடுங்கள். கடவுச்சொல்லை மின்னஞ்சலில் எழுதாமல், பெறுபவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.